ஹெட்மாஸ்டரும் தராசும்

சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்த நண்பர் ஒருவர் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்திலேயே காலம் கழித்தவர். கடைசி ஏழு வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் அவருடைய தொழிலுக்கே வந்து நின்றது.

“ஒரு பள்ளிக்கூடம் உருப்படுவதும் உருப்படாமல் போவதும் ஹெட்மாஸ்டர் கையில்தான் இருக்கிறது, ஸார். கட்டடம், காசு எல்லாம் அப்புறம்” என்றார்.

“அப்படியானால் வாசலில் எழுதிப் போடுகிறார்களே, இத்தனை சதவீதம் தேர்ச்சி என்று, அது உங்களுக்குக் கிடைத்த மார்க்தானே?” என்று கேட்டேன்.

“அது வேறு விஷயம்” என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வேறு விஷயம் என்றாரே தவிர, எப்படி வேறு என்று சொல்லவில்லை. அவர் சொன்ன இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்று எனக்குப் புரியவில்லை. எல்லாம் ஹெட்மாஸ்டர் கையில் என்றால், பள்ளிக்கூடத்துக்குப் போடும் மதிப்பெண் அவருக்கும் பொருந்தத்தான் வேண்டும். பொருந்தாது என்றால், எல்லாம் அவர் கையில் என்பது வெறும் தொழில் கர்வம். கதை எழுதுகிறவனுக்குச் சந்தேகம் வந்தால் வேறு எங்கே போவான்? நாவல்களைத்தான் எடுத்துப் புரட்டினேன். பள்ளிக்கூடத்துக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தில் பழம் தின்று கொட்டை போட்ட தேசம் இங்கிலாந்து. பள்ளிக்கூடத்தைப் பற்றி அதிகமாக நாவல் எழுதியதும் அந்த தேசமே. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் நண்பரின் புதிர் கொஞ்சம் அவிழும் என்று தோன்றிற்று.

முதலில் டிக்கன்ஸ். 1838-ம் வருஷத்தின் தொடக்கத்தில் அவர் தம் சித்திரக்காரரையும் கூட்டிக்கொண்டு யார்க்ஷயருக்குப் போய், அங்கே நடந்த மட்டமான விடுதிப் பள்ளிகளை நேரில் பார்த்துவிட்டு வந்தார். அந்த வருஷமே தொடர்கதையாக வர ஆரம்பித்த ‘நிக்கலஸ் நிக்கிள்பி’யில் ஸ்க்வியர்ஸ் என்ற பள்ளித் தலைவர் வருகிறார். வேண்டாத பிள்ளைகளை வாங்கிப் போட்டுக்கொண்டு, கந்தகத்தையும் வெல்லப்பாகையும் கலந்து கொடுத்துப் பசியை அடக்குகிறவர். ஜன்னல் என்ற சொல்லுக்குப் பையனை எழுத்துக் கூட்டச் சொல்வார். தாமே அதைத் தப்பாகக் கூட்டுவார். பிறகு, படித்ததைச் செய்து பார் என்று சொல்லி ஜன்னல் துடைக்க அனுப்பிவிடுவார். வாசகன் சிரிக்கிறான், சிரித்து முடிப்பதற்குள் வயிற்றைக் கலக்குகிறது. ஏனென்றால் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, இங்கே என்ன நடக்கிறது என்று கேட்க ஒரு மனிதர் கிடையாது. தராசே இல்லாத இடத்தில் ஸ்க்வியர்ஸ்தான் ஹெட்மாஸ்டர்.

அதே டிக்கன்ஸ் 1854-ல் ‘ஹார்ட் டைம்ஸ்’ எழுதினார். இதில் முதல் காட்சியே வகுப்பறை. பள்ளிக்கூடத்தை நடத்தும் கிராட்கிரைண்ட் நிற்கிறார், உபாத்தியாயர் நிற்கிறார், அரசாங்கத்து ஆசாமி ஒருவரும் நிற்கிறார். குதிரை என்றால் என்ன என்று கேள்வி. ஸிஸ்ஸி ஜூப் என்ற பெண் குதிரைகளின் நடுவிலேயே வளர்ந்தவள். அவள் அப்பன் குதிரை ஆட்டக்காரன். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிட்ஸர் என்ற பையன் பல் இத்தனை, கால் இத்தனை என்று கடகடவென்று ஒப்பித்து நல்ல பேர் வாங்குகிறான். குதிரையை அறிந்தவள் தோற்றாள். குதிரையைப் பற்றிய வாக்கியத்தை அறிந்தவன் ஜயித்தான்.

இந்த இரண்டு நாவல்களையும் தனித்தனியே படித்தவர்கள் அநேகர். சேர்த்துப் படித்தால்தான் டிக்கன்ஸ் நமக்கு விட்டுவைத்திருக்கும் சங்கடம் தெரிகிறது. தராசு இல்லாவிட்டால் ஸ்க்வியர்ஸ். தராசைத் தவிர வேறொன்றும் இல்லாவிட்டால் கிராட்கிரைண்ட். மதிப்பெண்ணே கூடாது என்று ஆவேசமாகப் பேசுகிறவர்கள் முதல் நாவலை மறந்துவிடுகிறார்கள். மதிப்பெண்ணே எல்லாம் என்கிறவர்கள் இரண்டாவதைப் படிக்கவே இல்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால், ‘ஹார்ட் டைம்ஸ்’ வந்து எட்டு வருஷத்துக்கெல்லாம் இங்கிலாந்து அரசாங்கம் அந்த முதல் காட்சியைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 1862-ல் ராபர்ட் லோ கொண்டுவந்த புதிய விதிகளைச் சொல்கிறேன். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு வருகையைப் பொறுத்து 4 ஷில்லிங், பரீட்சையைப் பொறுத்து 8 ஷில்லிங் மானியம். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றில் ஒவ்வொன்றில் தவறும்போதும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். பலனுக்குக் கூலி என்று அதற்குப் பேர் வைத்தார்கள். லோவின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பொதுப் பணம் போகிறது. பிள்ளைகளில் பலர் எழுத்துக்கூடச் சரியாகத் தெரியாமல் வெளியே வருகிறார்கள். கணக்குக் கேட்க வேண்டாமா என்றார். கேட்க வேண்டியதுதான். ஆனால் கணக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸில் வந்து நின்ற நாளிலிருந்து, பிள்ளையைப் பார்க்கும் உபாத்தியாயர் கண்ணுக்குப் பிள்ளை தெரிவதற்கு முன்னால் காசு தெரிய ஆரம்பித்துவிட்டது.

இதை அந்தக் காலத்திலேயே உரக்கச் சொன்னவர் ஒருவர் உண்டு. அவரே தராசைக் கையில் பிடித்திருந்த இன்ஸ்பெக்டர்: கவி மாத்யூ ஆர்னால்ட். 1851 முதல் முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கியவர். விதிகள் வந்த 1862-லேயே அவற்றைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். 1867-ல் கொடுத்த அறிக்கையில், சாமர்த்தியமாகத் தயார் செய்தால் வாசிக்கத் தெரியாத பிள்ளையை வாசிப்பிலும், கணக்குத் தெரியாத பிள்ளையைக் கணக்கிலும் தேற வைத்துவிடலாம் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பட்டவர்த்தனமாகச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. அந்த முறை முற்றிலும் ஒழிய முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அது கப்பலேறி நம் சென்னை ராஜதானிக்கும் வந்து, திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கூட இன்ஸ்பெக்டர் வரும் நாளை எண்ணிக்கொண்டு உட்காரும்படி செய்தது. 1904-ம் வருஷத்துக் கல்வித் தீர்மானத்தில்தான் இந்திய அரசாங்கம் அதைக் கைகழுவியது.

மாத்யூ ஆர்னால்டின் தகப்பனார் யார் என்பதை நினைத்துப் பார்த்தால் கதை இன்னும் சுவாரசியப்படுகிறது. இங்கிலாந்தில் ஹெட்மாஸ்டர் என்றதும் எல்லாரும் நினைக்கிற தாமஸ் ஆர்னால்ட்தான் அவர். 1828-லிருந்து 1842-ல் இறக்கும் வரையில் ரக்பி பள்ளியின் தலைவர். தகப்பன் ஹெட்மாஸ்டர்களுக்கெல்லாம் உதாரணம். மகன் தராசைச் சந்தேகித்த இன்ஸ்பெக்டர். ஒரு வீட்டுக்குள்ளேயே நம் விஷயத்தின் இரண்டு பாதியும் அடங்கிவிட்டன.

தகப்பனைப் பற்றிய நாவல் ‘டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்’. எழுதியவர் தாமஸ் ஹ்யூஸ், ஆர்னால்டிடமே படித்தவர், நாவல் வந்தது 1857-ல். குருபக்தி பொங்கி வழிகிற புத்தகம். நடு நடுவே உபதேசம் வேறு. இன்றைய வாசகனுக்குப் பல பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போகத் தோன்றும். ஆனாலும் ஒரு விஷயத்தில் ஹ்யூஸ் பெரிய நாவலாசிரியர்கள்கூடக் கவனிக்காததைக் கவனித்திருக்கிறார். அவருடைய ஹெட்மாஸ்டர் நாவலில் அடிக்கடி வருவதே இல்லை. ‘டாக்டர்’ என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் குரல் கேட்கிறது, அவ்வளவுதான்.

டாம் முரட்டுப் பையன். அவனும் அவன் தோழன் ஈஸ்ட்டும் விதிகளை மீறுவதையே விளையாட்டாக வைத்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் போனால் பள்ளியை விட்டு அனுப்ப வேண்டியதுதான் என்ற நிலைமை. விடுமுறை முடிந்து வந்த டாமிடம் ஆர்தர் என்ற புதுப் பையனை ஒப்படைக்கிறார்கள். தகப்பன் இல்லாத, நோஞ்சானான, கூச்சம் நிறைந்த பையன். டாமுக்கு முதலில் எரிச்சல்தான். முதல் நாள் இரவு அந்தப் பையன் படுக்கையருகே மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்கிறான். யாரோ செருப்பை எடுத்து அவன்மேல் எறிகிறார்கள். எறிந்தவன்மேல் டாம் தன் பூட்ஸைக் கழற்றி எறிகிறான். அந்த நிமிஷத்திலிருந்து டாம் வேறு ஆளாக மாறத் தொடங்குகிறான். பிறகு எத்தனையோ நடக்கிறது. பள்ளியை விட்டுப் போகும் தறுவாயில்தான் ஓர் இளம் ஆசிரியர் அவனிடம் விஷயத்தை உடைக்கிறார்: ஆர்தரை உன்னிடம் சேர்த்தது தற்செயல் அல்ல, பார்த்துக்கொள்ள ஒருவன் இருந்தால் நீ நிலைப்படுவாய் என்று டாக்டர் யோசித்துச் செய்த காரியம் அது. டாம் திகைத்துப் போகிறான். தான் தானாகவே திருந்தியதாக அல்லவா அவன் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தான்!

நல்ல தலைமை என்பதன் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாகக் கதையில் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். ஹெட்மாஸ்டர் பிள்ளையைத் தம் கையால் தொட்டு மாற்றவில்லை. ஒருவனை இன்னொருவன் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு விலகி நின்றார்.

கல்வி ஆராய்ச்சிக்காரர்கள் இதே முடிவுக்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து, புள்ளிவிவரங்களைச் சுமந்துகொண்டு, வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஹாலிங்கர், ஹெக் என்ற இருவர் பதினைந்து வருஷத்து ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்து 1996-ல் எழுதினார்கள். பள்ளித் தலைவரின் செல்வாக்கு உண்மையானதுதான், ஆனால் அது பிள்ளைகளின் படிப்பில் நேராகப் போய் விழுவதில்லை, ஆசிரியர்கள் வழியாகவும் பள்ளியின் சூழ்நிலை வழியாகவும் சுற்றிக்கொண்டுதான் போகிறது என்பது அவர்கள் கண்டது. நியூஸிலாந்தின் விவியன் ராபின்ஸனும் அவர் கூட்டாளிகளும் 2008-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். உற்சாகமூட்டி, லட்சியம் பேசி, எல்லாரையும் தட்டி எழுப்பும் தலைமை ஒரு வகை. பாடம் எப்படி நடக்கிறது என்பதிலேயே கண்ணாக இருந்து, ஆசிரியர்களோடு தாமும் உட்கார்ந்து கற்கும் தலைமை மற்றொரு வகை. பிள்ளைகளின் படிப்பில் முதல் வகைக்கு உள்ள பலனைப் போல இரண்டாவதற்கு மூன்று நான்கு மடங்கு பலன் தெரிந்ததாம். மேடையில் முழங்குகிற ஹெட்மாஸ்டரைத்தான் ஊர் கொண்டாடுகிறது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கணக்கு வாத்தியாரின் பாடத்தைக் கேட்கிற ஹெட்மாஸ்டரை யாரும் படம் பிடிப்பதில்லை.

ஹ்யூஸைப் புகழ்ந்ததோடு நிறுத்திக்கொண்டால் விமரிசனம் ஆகாது. அதே நாவலில், அதே டாக்டரின் ஆட்சியில், ஃபிளாஷ்மன் என்ற தடியன் சின்னப் பையன்களைப் படாத பாடு படுத்துகிறான். ஒரு நாள் டாமைப் பிடித்து எரிகிற கணப்பின் முன்னால் நிறுத்திச் சுட வைக்கிறான். டாக்டருக்கு அது தெரியாது. சொல்லவும் யாரும் இல்லை. பின்னால் ஃபிளாஷ்மன் வெளியேற்றப்படுவதுகூட இதற்காக அல்ல, குடித்துவிட்டு வந்ததற்காக. விலகி நிற்கும் தலைமையின் மறுபக்கம் இது. ஹ்யூஸ் இந்த இரண்டையும் எழுதிவிட்டார். ஆனால் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவருடைய பக்தி அவரை விடவில்லை. நல்லவர் என்று நாம் நம்புகிற ஹெட்மாஸ்டரின் பள்ளியிலும் வெளியாள் ஒருவர் வந்து, கணப்பின் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பார்க்க வந்தவர் என்ன எழுதிக்கொண்டு போகிறார் என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கிலாந்தில் 1992-ன் சட்டத்தால் ஆஃப்ஸ்டெட் என்ற பரிசோதனை ஸ்தாபனம் ஏற்பட்டது. அது பள்ளிகளை நான்கு தரமாகப் பிரித்தது. 2012-லிருந்து அவற்றின் பேர்கள்: மிகச் சிறந்தது, நல்லது, மேம்பாடு தேவை, போதாது. பள்ளிக்கூடம் முழுவதற்கும் ஒரு சொல். நல்ல சொல் கிடைத்தால் வாசலில் துணியில் எழுதிக் கட்டினார்கள். அந்தப் பேட்டையில் வீட்டு விலைகூட ஏறிற்று. இதில் தலைமையும் நிர்வாகமும் என்பதற்குத் தனியாக ஒரு மதிப்பீடு இருந்தது. நல்ல தலைமை உள்ள பள்ளிக்கே நல்ல மதிப்பெண் கிடைக்கிறது என்று சிலர் நிரூபித்துக் காட்டும்போது எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான். தலைமைக்கு மார்க் போட்டவரும் பள்ளிக்கு மார்க் போட்டவரும் ஒரே ஆள். போட்டது ஒரே வருகையில். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால்தான் ஆச்சரியம்.

சிரித்துவிட்டுப் போகக்கூடியதாக மட்டும் இது இருக்கவில்லை. 2022 நவம்பரில் ரெடிங் நகரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றைப் பரிசோதித்தார்கள். பாடத்தின் தரம் நல்லது, பிள்ளைகளின் நடத்தை நல்லது என்று எழுதினார்கள். பிள்ளைகளின் பாதுகாப்பு சம்பந்தமான ஏற்பாடுகளில் குறை கண்டு, தலைமை போதாது என்றார்கள். தலைமை போதாது என்றதால் மொத்தப் பள்ளியும் போதாது என்று ஆயிற்று. முன்பு மிகச் சிறந்தது என்று பேர் வாங்கியிருந்த பள்ளி அது. அறிக்கை வெளியாவதற்கு முன்பே, 2023 ஜனவரியில், அதன் தலைமையாசிரியை தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் பரிசோதனையும் அவர் சாவுக்கு ஒரு காரணம் என்று அந்த வருஷம் டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். இதற்கிடையில், அதே வருஷம் நடந்த மறு பரிசோதனையில் அந்தப் பள்ளி நல்லது என்ற தரத்தைப் பெற்றுவிட்டது. 2024 செப்டம்பரில் ஒற்றைச் சொல் மதிப்பீட்டையே கைவிட்டார்கள். கண்ட குறை இல்லாத குறை என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பில் குறை என்றால் சொல்லத்தான் வேண்டும். ஃபிளாஷ்மன்கள் எந்தக் காலத்திலும் உண்டு. ஆனால் சில மாதங்களில் சரிசெய்யக் கூடிய ஒரு குறையைச் சொல்ல, ஒருவருடைய வாழ்நாள் உழைப்பையே மூடிவிடுகிற ஒரு சொல்லை எடுத்தார்களே, அதுதான் பிசகு. நாவலாசிரியன் தன் பாத்திரத்தை ஒரே சொல்லில் முடித்துவிட்டால் அவனை நாம் சோம்பேறி என்கிறோம்.

தராசைப் பிடித்தவர்களில் மனம் மாறியவர் இன்னொருவரும் உண்டு. எட்மண்ட் ஹோம்ஸ், இவரும் கவிதை எழுதியவர். 1875-ல் இன்ஸ்பெக்டரானார். பலனுக்குக் கூலி முறையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பரீட்சித்துத் தள்ளினார். தொடக்கப் பள்ளிகளின் தலைமை இன்ஸ்பெக்டராகவும் உயர்ந்து 1910-ல் ஓய்வு பெற்றார். அடுத்த வருஷம் அவர் வெளியிட்ட புத்தகம் ‘இருப்பதும் இருக்கக் கூடியதும்’ என்று தமிழில் சொல்லக் கூடியது. முதல் பாதியில், தாமும் தம் போன்றவர்களும் பள்ளிக்கூடங்களுக்குச் செய்த தீங்கை, பிறர்மேல் பழி போடாமல், ஒப்புக்கொள்கிறார். இரண்டாம் பாதியில் ஒரு கிராமத்துப் பள்ளியையும் அதன் தலைமையாசிரியையையும் வருணிக்கிறார். அந்த அம்மாளுக்கு ஈஜீரியா என்று புராணப் பேர் சூட்டியிருக்கிறார். உண்மையில் அவர் ஸஸெக்ஸில் ஸாம்ப்டிங் என்ற ஊரில் வேலை பார்த்த ஹாரியட் ஃபின்லே-ஜான்ஸன். சரித்திரமா, பிள்ளைகளே நாடகம் எழுதி நடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, தாம் ஓரமாக நின்று உதவி செய்தவர்.

ஹோம்ஸின் நடை கொஞ்சம் கனமானது. தத்துவத்தில் இறங்கினால் ஏறி வர மாட்டார். ஆனால் ஈஜீரியாவின் பள்ளிக்குள் நுழைந்ததும் அவர் எழுத்தே மாறிவிடுகிறது. பிள்ளைகளின் முகத்தை வருணிக்கிறார். அவர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதைச் சொல்கிறார். பாட்டைப் பற்றிச் சொல்கிறார். எத்தனை பேர் எத்தனை மார்க் என்ற பேச்சே எடுபடவில்லை. எண்ணிக்கொண்டே வாழ்ந்த ஒரு மனிதர் எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பித்ததன் அடையாளம் அது. பள்ளியை மதிப்பிடக் கூடாது என்று அவர் காட்டவில்லை. மதிப்பிடுகிறவர் அங்கே தங்கிப் பார்க்க வேண்டும், பார்த்ததை விவரமாகச் சொல்ல வேண்டும் என்று காட்டியிருக்கிறார். நல்ல விமரிசகன் புத்தகத்துக்குச் செய்வதும் அதுதானே?

இவ்வளவையும் படித்துவிட்டு மறுபடி என் நண்பரிடம் போனேன். “வேறு விஷயம் என்றீர்களே, இப்போதாவது சொல்லுங்கள்” என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்.

அவர் பள்ளி பத்தாம் வகுப்பில் நான்கு வருஷம் தொடர்ந்து நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டியிருந்தது. அவர் ஓய்வு பெறும் வருஷம் ஒரு பையன், அப்பா இல்லை, விடியற்காலையில் பால் போட்டுவிட்டு வந்து வகுப்பில் தூங்குவான். கணக்கு வராது. இவனை வைத்துக்கொண்டால் நூறு போய்விடும், மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று ஆசிரியர்கள் சிலர் சொன்னார்கள். இவர் அனுப்பவில்லை. கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டு, சாயங்காலம் அரை மணி நேரம் அவனோடு உட்காருங்கள் என்றார். தாமும் கூட உட்கார்ந்தார். பையன் மார்ச் பரீட்சையில் கணக்கில் தவறிவிட்டான். நூறு போயிற்று. விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதமும் வந்தது. கோடையில் நடந்த துணைத் தேர்வில் அவன் தேறினான். ஆனால் வாசலில் எழுதின எண் எழுதினபடியே இருந்தது.

“இப்போது அந்தப் பையன் என்ன செய்கிறான்?” என்று கேட்டேன்.

“ஐடிஐயில் சேர்ந்து எலெக்ட்ரீஷியன் ஆகிவிட்டான். போன வாரம் வந்து எங்கள் வீட்டு மோட்டாரைப் பார்த்துக் கொடுத்தான். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான், ஸார். அதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது” என்றார்.